கார்பரேட்டருக்கு நான் கொடுத்த சல்லடைத் துண்டு

ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் பதினொரு வருஷம் எஞ்சின் பார்த்தவன் நான். நான் கை வைக்காவிட்டால் ஸ்டோரில் ஓர் உருளைகூடச் சுற்றாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறையோடும் காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, என் தங்கச்சி மாப்பிள்ளை கார் வாங்கும்வரை.

அவருக்குச் சொந்த ஊர் பூண்டுலோயா. லொறியில் கிளீனராக இருந்தபோது ஓட்டப் பழகியவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் பேர் பதிந்து, மற்றவர்களைப் போல, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் நின்று மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கச்சியின் நகைகளில் தாலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விற்று, எத்தனை கை மாறியதோ தெரியாத ஒரு பழைய காரை வாங்கி, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ரோட்டில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். ஒரே மாதத்தில் அவர் ‘டிரைவரய்யா’ ஆகிவிட்டார். என்னைப் பதினொரு வருஷமும் ‘எஞ்சின்காரன்’ என்ற வாய்கள்தான் அவருக்கு ‘ஐயா’ போட்டன. எனக்கு வயிறு எரிந்தது. அதைப் பூசி மெழுக இப்போது எனக்கு வயதில்லை.

கார் ஏற்றத்தில் இருமத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை கார்பரேட்டரைக் கழற்றினார். லயமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. சாக்கை விரித்து, பீங்கான் பேசினில் பெற்றோல் ஊற்றி, ஒவ்வொரு பாகமாகக் கழுவிக் கோழி இறகால் துடைத்தார். பொடி ஓட்டை உள்ள பித்தளை ஜெட்டை உதட்டில் வைத்து ஊதி, அதன் வழியே ஆகாயத்தைப் பார்த்தார். தூறல் விழுந்ததும் தங்கச்சி குடையோடு ஓடிவந்து திறந்திருந்த எஞ்சினுக்குப் பிடித்தாள். அவள் நனைந்துகொண்டே நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டோருக்கு என் பகல் சாப்பாட்டை நனையாமல் கொண்டுவந்த பெண் அவள். அந்தக் குடையைப் பார்த்ததும் எனக்குக் கார்மேலேயே கோபம் வந்தது.

என்னைக் கூப்பிடுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன். கூப்பிட்டார்.

“மச்சான், பெற்றோல் வர்ற எடத்துல இருக்கிற வடிகட்டிக் கம்பி கிழிஞ்சிருச்சுங்க. ஸ்டோருல பழைய சல்லடைத் துண்டு ஏதும் கெடக்குமா?”

எஞ்சினைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுக் கம்பி எடுத்துக் கொடுக்கும் எடுபிடி நான். “பாக்குறேன் மாப்ள” என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு ஏறினேன்.

தேயிலை சலிக்கும் அறையில் கழித்துப்போட்ட பித்தளைச் சல்லடைகள் எப்போதும் கிடக்கும். தூள் சலிக்கும் கம்பி நெருக்கமானது, வடிகட்டிக்குப் பொருத்தமானது. இலைத் தேயிலை சலிக்கும் கம்பிக்குக் கண் பெரிது. துருப்பிடித்த பெற்றோல் டாங்கியிலிருந்து வரும் பொடியெல்லாம் அதன் வழியே தாராளமாகப் போய் ஜெட்டை அடைத்துவிடும். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டினேன். வரும் வழியெல்லாம் எதைக் கொடுப்பதென்று யோசித்ததாக இப்போது சொன்னால் அது பொய். நெருக்கமானதைச் சட்டைப் பையில் போட்டேன். பெரிய கண் உள்ளதை மாப்பிள்ளையின் கையில் வைத்தேன்.

“நல்ல நேரத்துல கொடுத்தீங்க மச்சான்” என்றார்.

இரண்டு கிழமை கார் நன்றாக ஓடியது. பிறகு ஏற்றம் வந்தாலே நின்றது. மாப்பிள்ளை கழற்றுவார், கழுவுவார், ஊதுவார், பூட்டுவார். மூன்றாம் நாள் மறுபடி நிற்கும். ஆட்கள் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கினார்கள். “டிரைவரய்யா காரு தள்ளுறதுக்கு ஆள் எடுக்கிறாராம்” என்று லயத்தில் கேலி பேசினார்கள். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒரு நாள் காலை மாப்பிள்ளை என் காம்பராவுக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

“மச்சான், கணக்கப்பிள்ளை ஐயா வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய அழைச்சிட்டு வர என் காரைத்தான் சொல்லியிருக்காங்க. இன்னைக்கும் நடு ரோட்டுல நின்னுச்சுன்னா இனிமே யாரும் ஏற மாட்டாங்க. வித்துப்புட்டு பெரட்டுக்குத்தான் போகணும். நீங்க ஒருக்கா பாருங்க. எனக்குப் புரியல.”

நான் ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். அவரை முன்னால் அனுப்பிவிட்டு, அன்று கொடுக்காமல் வைத்துக்கொண்ட நெருக்கமான துண்டைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கார்பரேட்டரைக் கழற்றினேன். தங்கச்சி பேசினைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மறுபக்கம் பெற்றோல் டின்னைச் சாய்த்துக்கொண்டிருந்தார். வடிகட்டிக் கம்பியை உருவிக் கைக்குள் மறைக்கப் பார்த்தேன். பெற்றோல் ஈரத்தில் நழுவிப் பேசினுக்குள் விழுந்தது. தங்கச்சி எடுத்தாள். கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் நான்கு வருஷம் சலிக்கும் அறையில் வேலை செய்தவள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எந்தக் கம்பி எந்தச் சல்லடையில் இருந்தது என்று சொல்லிவிடுவாள். நானும் சொல்லிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். நான் சட்டைப் பையிலிருந்து நெருக்கமான துண்டை எடுத்தேன். அவள் அதையும் பார்த்தாள்.

“இது அன்னைக்கே ஒங்ககிட்ட இருந்துச்சாண்ணே?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

நான் குனிந்து நெருக்கமான துண்டை வடிகட்டியில் பொருத்தினேன். அவள் பெரிய கண் கம்பியை முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷனைப் பார்த்து, “அண்ணன் கோளாறைக் கண்டுபிடிச்சிருச்சு. நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க” என்றாள்.

கார் அன்றைக்கு நிற்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து இறங்கினார். அதன் பிறகும் அந்தக் கார் பல வருஷம் ஓடியது. எங்கள் மாப்பிள்ளை மறுபடி பெரட்டில் நிற்கவே இல்லை.

ஆனால் அவர் அந்த நாளை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “என் மச்சான் கை பட்டுத்தான் எனக்கு விடிஞ்சுச்சு” என்று ஆரம்பித்துவிடுவார். அவர் ஆரம்பித்ததும் தங்கச்சி எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்பேன்.