ஒருத்தருக்கு மட்டும் கொடுத்த மருந்து

நெடுஞ்சாலை ஓரத்து லுக்காயாவில் பஸ் நின்றால் ஜன்னலை முதலில் தொடும் கை நபுகேராவின் கைதான். சுட்ட வாழைப்பழமும் குச்சியில் கோத்துச் சுட்ட கோழியும் அடுக்கிய தட்டோடு அவள் ஓடும் வேகத்தைப் பார்த்துக் கூட விற்கும் பெண்கள் வயிறெரிவார்கள்.

"கொஞ்சம் எங்களுக்கும் விட்டு வைடி, உனக்கென்ன வீட்ல பத்துப் பிள்ளையா அழுவுது?" என்பாள் ஒருத்தி. நபுகேரா சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அந்தப் பேச்சு அவளை எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இன்னாரின் அம்மா என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், அவள் வெறும் நபுகேராவாகவே இருந்தாள்.

சாலைக்கு இந்தப் பக்கம் என் மருந்துக்கடை. நான் படித்தது நர்சுக்கு உதவியாளாக இருக்கும் படிப்பு. ஊர் என்னை டாக்டரம்மா என்றது, நானும் மறுக்கவில்லை. என் கடையில் கேட்டது வெளியே போகாது என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொழுப்பே இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் புருஷன் கசூலே லாரி ஓட்டுபவன். மொம்பாசா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, எல்லை தாண்டிப் போய்க் கிகாலியில் இறக்குவான். கலகலப்பானவன், அவன்மேல் கோபப்படுவது கஷ்டம். கல்யாணமான முதல் வருஷம், ஈஸ்டருக்கு முன்னால், கடையில் ஆளில்லாத மத்தியானமாகப் பார்த்து வந்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுது. சீழ் மாதிரி வேற வருது."

"எங்க போய் வாங்கிட்டு வந்த?"

"பார்டர்ல லாரிய நாலு நாள் நிறுத்திட்டான். மனுஷன் சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?"

"உன் பொண்டாட்டியும் சும்மாதான் உக்காந்திருக்கா. அவளுக்கும் சேர்த்துத் தரேன், ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

"ஐயோ, வேணாம். என்னத்துக்குன்னு கேப்பா. அவளுக்கு ஒரு குறையும் இல்ல, குதிரை மாதிரி ஓடுறா. உங்க கால்ல விழுறேன், அவ காதுக்குப் போயிடக் கூடாது."

பெண்ணுக்கு இது வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கும் என்று படித்திருக்கிறேன். குதிரை மாதிரி ஓடுகிறவளுக்கும் இருக்கும். ஆனாலும் புதுக் குடும்பம், நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனுக்கு மட்டும் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி வந்தான். "பழைய விருந்தாளி திரும்பி வந்துட்டான், டாக்டரம்மா" என்றான். நானும் சிரித்தேன். அவன் வெளியில் வாங்கி வந்ததா, வீட்டில் அவளிடம் தங்கியிருந்தது அவனுக்கே திரும்பியதா, யார் கண்டது? இந்தத் தடவை, போய் ரத்தம் சோதித்துக்கொண்டு வா என்று விரட்டினேன். எய்ட்ஸ் என்ற அந்தப் பெரிய வியாதி இல்லை என்று சீட்டோடு வந்தபோது இருவருமே பெருமூச்சு விட்டோம். அந்தக் காலத்தில் அந்த வியாதியில் நாங்கள் புதைத்த ஆட்கள் அத்தனை பேர். அந்த ஒன்றுக்கு மட்டுமே பயந்து பயந்து, மற்றதையெல்லாம் சளி காய்ச்சலாக நினைக்கப் பழகியிருந்தோம். மூன்றாம் தடவை அவன் வந்தபோது நான் எதுவும் கேட்கக்கூட இல்லை.

இதற்கு நடுவில் நபுகேராவும் என்னிடம்தான் வந்தாள்.

"அடிவயித்துல ஒரு வலி அக்கா. வந்து வந்து போவுது."

"தட்டைத் தூக்கிட்டு நாள் பூரா ஓடினா வலிக்காம என்ன செய்யும்?" என்று வலி மாத்திரை கொடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

அவள் மாமியார் வேர் அரைத்துக் கொடுத்தாள். பாதிரியார் ஜெபித்தார். கசூலே பக்கத்து டவுன் மசாக்காவில் இன்னொருத்தி வீட்டில் தங்க ஆரம்பித்தான். ஒன்பதாம் வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்" என்றாள். இரண்டே வாரத்தில் பஸ் ஜன்னலுக்குக் கீழே மயங்கி விழுந்தாள். கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வெடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு குழாயை எடுத்தாயிற்று, மற்றது ஏதோ பழைய நோயில் தழும்பேறி அடைத்துவிட்டது, இனிமேல் பிள்ளைக்கு வழியில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தையல் ஆறியதும் கடைக்கு வந்தாள். வாழைப்பழம் இரண்டு கொண்டுவந்திருந்தாள்.

"ஊரே என்னப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசிச்சு. நீ ஒருத்திதான்க்கா ஒரு வார்த்தை பேசல. அதுக்குத்தான் வந்தேன்."

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன், கசூலே மருந்து வாங்கிப்போன மூன்று தடவையையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"முதல் தடவை எப்போ?" என்றாள்.

"கல்யாணமான வருஷம். ஈஸ்டருக்கு முன்னாடி."

"அப்ப எனக்கு வலியே இல்லையே."

"இல்ல. அப்பவே சாப்பிட்டிருந்தா அதோட போயிருக்கும்."

நான் என்னென்னவோ உளறினேன். அவன் காலில் விழுந்தான், தெரிந்தால் நீ அவனை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன், குடும்பம் உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

"லாரிக்காரனைக் கட்டிக்கிட்டவக்கா நான்" என்றாள். "அவன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா? விட்டுட்டெல்லாம் போயிருக்க மாட்டேன். எனக்கும் ரெண்டு மாத்திரை குடுன்னுதான் கேட்டிருப்பேன்."