ஷிப்ட் பஸ்ஸில் நடந்த ஓட்டெடுப்பு

மல்லிகா கண் விழித்தபோது பஸ் படப்பையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் இறங்க வேண்டிய வடக்குப்பட்டு எப்போதோ போய்விட்டது. "அக்கா, எங்க ஸ்டாப்பு?" என்று என்னைக் கேட்டாள். அவளுடைய ஸ்டாப்பை அன்று காலைதான் ஓட்டெடுத்துத் தூக்கியிருந்தோம்.

அதற்கு என் எம்.ஏ. படிப்பும் ஒரு காரணம். அப்போது ஒரகடத்தில் காருக்கு வயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் லீடராக இருந்தேன். தபால்வழியில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் மேற்கத்திய அரசியல் சிந்தனை வரலாறு என்று ஒரு பேப்பர். படிக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் ஷிப்ட் பஸ். பக்கத்து சீட்டில் டில்லிபாபு அண்ணன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர், எங்கள் பஸ் லீடர். யார் எங்கே உட்காருவது என்பதிலிருந்து எல்லாம் அவர் தீர்ப்புதான். நான் புத்தகத்தை எடுத்தாலே, "இன்னாமா, இன்னிக்கு எந்த வெள்ளக்காரன் இன்னா சொல்றான்?" என்பார்.

நானும் சொல்வேன். மனுஷன் ஒருத்தனுக்கு ஒருத்தன் பயந்துபோய் அதிகாரம் மொத்தத்தையும் ராஜாவிடம் கொடுத்துவிட்டான் என்றார் ஒருவர். "அதாவது நம்ம ஹெச்.ஆர். மேனேஜர்" என்பார் அண்ணன். இல்லையில்லை, ஜனங்கள் சம்மதித்தால்தான் அரசாங்கம், வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அந்த நாட்டு ரோட்டில் நடந்தாலே சம்மதித்த மாதிரிதான் என்றார் அடுத்தவர். இது அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதைக் கேட்டாலும் உடனே செய்து பார்க்கிற மனுஷன் அவர். அதனால்தான் எனக்கும் அவரை அவ்வளவு பிடிக்கும்.

மல்லிகா புதிதாகச் சேர்ந்தவள். அவள் ஒருத்திக்காக பஸ் மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரத் தூக்கம் போவது வயிற்றெரிச்சல். அன்று காலை பஸ் கிளம்பியதும் அண்ணன் எழுந்து நின்றார். "அந்தப் பொண்ணு ரோட்லயே எறங்கிக்கட்டும். கூடாதுன்றவங்க கை தூக்குங்க."

நான் மட்டும்தான் தூக்கினேன். "அண்ணே, எல்லாரும் தூங்கினு கீறாங்க!"

"பஸ்ல ஏறி உக்காந்தாலே சம்மதம். நீதானே சொன்ன?"

தூங்கியவர்களில் மல்லிகாவும் ஒருத்தி. தன் ஸ்டாப்பைத் தூக்க அவளும் சம்மதித்ததாக ஆகிவிட்டது. எப்போதும் ஊருக்குள் திரும்பும்போது அந்த ரோட்டின் குலுக்கல்தான் அவளை எழுப்பும். அன்று பஸ் திரும்பவே இல்லை. ரோட்டோரம் நின்றபோது எழுப்பியிருப்பேன், அதற்குள் நானும் தூங்கிப்போயிருந்தேன்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. போன் போட்டேன். "அப்பா வேணான்றாருக்கா. பஸ் வூட்டாண்ட வருதுன்னுதான் அனுப்பினாரு. நைட் ஷிப்டுக்கு இருட்டுல மெயின் ரோடு வரைக்கும் அந்த குடோன் ரோட்ல தனியா நடக்க வுடமாட்டாராம்" என்று அழுதாள். டிரெய்னிங்கில் இருப்பவள். இப்படியே லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

எனக்குக் கோபமான கோபம். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும் புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டினேன். "அண்ணே, பின்னாடி வந்த ஒருத்தர் சொல்றாரு. ராஜா மட்டுமில்ல, கூட்டமும் கொடுமை பண்ணுமாம். எல்லாரும் ஒரு பக்கம் நின்னாலும் ஒத்த ஆளோட உரிமையில கை வெக்கக் கூடாதாம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"அப்போ அந்தப் பாடம் வரலண்ணே."

"நல்லா படிச்ச போ! பாதிப் பாடத்த வெச்சிகினு ஒரு பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டுட்டனே!" தலையில் அடித்துக்கொண்டு டிரைவரிடம் போனார்.

பஸ் வடக்குப்பட்டுக்குள் திரும்பியது. குலுக்கலில் எல்லோரும் எழுந்து திட்டினார்கள். மல்லிகாவின் வீட்டருகே ஹாரன் அடித்ததும் அவள் அப்பா ஏழுமலை செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். அண்ணன் இறங்கிக் கும்பிட்டார். "தப்பு எம்மேலதான் நைனா. பஸ் இனிமே இங்கயே வரும். பொண்ண அனுப்பு."

"நீ சொல்ற. நாளைக்கு இவங்கல்லாம் சேந்து மறுபடியும் ஓட்டுன்னா?"

அண்ணன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "பாட்டு போடலாமா வாணாமா, அதுக்கெல்லாம் ஓட்டு வெச்சிக்கலாம் நைனா. உன் பொண்ணு பத்திரமா வூடு வந்து சேர்றதுக்கு ஓட்டு கெடையாது. நானே கேட்டாலும் கெடையாது."

ஏழுமலை வீட்டுப் பக்கம் திரும்பி, "மல்லிகா, ஐடி கார்டு எங்க வெச்ச?" என்று குரல் கொடுத்தார்.

புதிதாக லீடர் ஆகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நான் எம்.ஏ.வில் படித்த அந்தப் பேப்பர் முழுக்க, அதிகாரத்தில் இருப்பவன் வாயிலிருந்து "நானே கேட்டாலும் கிடையாது" என்ற வார்த்தையை வாங்கத்தான் ஜனங்கள் பாடுபட்டிருக்கிறார்கள். டில்லி அண்ணன் அதைத் தானாகவே கொடுத்தார். நீங்களும் லீடர் ஆன முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.