வெயிலில் மட்டும் ஒட்டிய கம்பி

இப்போது மறைமலை நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி சங்கச் செயலாளரிடம். ரேடியோவுக்கு அன்டெனா கட்ட வேண்டும் என்றால் உளவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். மேலே தண்ணீர்த் தொட்டி வழிந்து ஓடுகிறது, அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அவரிடம் சண்டை போட்டுவிட்டு இறங்கும்போதெல்லாம் முன்பு இருந்த வடக்குப்பட்டு வீட்டு மாடிதான் ஞாபகம் வருகிறது.

அந்த வீட்டின் மேலறையில் நானும் ஒரு திருநெல்வேலிக்காரனும் வாடகைக்கு இருந்தோம். ஒரகடத்தில் ஒரே கம்பெனி. கார்களுக்கான சர்க்யூட் போர்டு செய்யும் லைன். அவன் மெஷினில், நான் செக்கிங்கில். ஈயம் சரியாகப் பிடிக்காத போர்டை ஒதுக்குவது என் வேலை. அப்படிப்பட்ட ஒட்டை டிரை சால்டர் என்போம். நான் ஒதுக்கினால் சூப்பர்வைசர்கூட மறுபேச்சு பேசமாட்டார்.

இருவரும் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினோம். போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் போனிலேயே பேசட்டும். காயலான் கடையில் செம்புக்கம்பி பொறுக்கி, அதை மாடியில் இழுத்துக் கட்டி, அதன் வழியாக ஒரு குரல் வரும்போது உடம்பு சிலிர்க்கும். அது எனக்குப் போதும்.

கல்யாணம் ஆனதும் அவன் ஊரோடு போக முடிவு செய்தான். சேர்ந்து கட்டிய அன்டெனாவை அவன் எடுத்துக்கொள்வது, நான் புதிதாக ஒன்று கட்டுவது, ஞாயிறு காலை ஆறரைக்கு ரேடியோவில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். கிளம்பும் அன்று, ஈயம் உருக்கி ஒட்டும் பெரிய சால்டரிங் அயர்னை என் பக்கம் தள்ளினான்.

"இத நீ வச்சுக்கோல. தடிக் கம்பிக்குச் சின்ன அயர்ன் சூடு பத்தாது."

"டேய், டெய்லி எத்தினி ஜாயின்ட் பாக்குறேன். எனக்கே சொல்லிக் குடுக்குறியா? எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கிடைத்த கம்பி ஒரே நீளமாக இல்லை. அன்டெனாவின் ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டுகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. முறுக்க வராத தடிமன். நுனிகளை ஒட்டினாற்போல் வைத்து, மெல்லிய கம்பி சுற்றி, மாடிக் காற்றில் உட்கார்ந்து சின்ன அயர்னால் ஈயம் வைத்தேன். வைத்த சூட்டையெல்லாம் செம்பு குடித்துவிட்டது. ஈயம் உருகியது, கம்பி சூடாகவில்லை. மேலே ஓர் உருண்டை உட்கார்ந்தது. போதும் என்று கட்டிவிட்டேன்.

முதல் ஞாயிறு காலை இரைச்சல்தான் கேட்டது. போன் செய்தேன்.

"தொண்ட காயக் கூப்பிட்டேன், நீ எங்கல போன?" என்றான்.

"ரீல் வுடாத. தூங்கிகினு இருந்திருப்ப."

அன்று மதியம் மாடியேறி, மல்டிமீட்டரை வைத்துக் கம்பியைச் சோதித்தேன். கம்பி எங்கும் விடுபடவில்லை என்று பீப் கத்தியது. என் பக்கம் சரி, அவன்தான் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறும் காலையில் இரைச்சல், மதியம் பீப். மூன்றாவது ஞாயிறு போனில், "மாமியார் வூட்டு சோறு நல்லா தூக்கம் வர வெக்குது போல" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

அந்த வாரம் ஹவுஸ் ஓனரம்மா என்னைக் கேட்காமல் ஈரப் புடவையை அந்தக் கம்பியில் போட்டார். கம்பி அறுந்து, புடவை மண்ணில் கிடந்தது.

"இன்னா தம்பி, ஒரு பொடவைய தாங்கல. இந்த லட்சணத்துல நீ கம்பெனில அடுத்தவன் வேலைல குத்தம் கண்டுபுடிக்கிறியா?"

பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். கையில் கம்பி நுனி இருந்தது. உருண்டை முழுசாகக் கழன்று வந்திருந்தது. உள்ளே செம்பில் ஒரு பொட்டு ஈயம்கூடப் பிடிக்கவில்லை. மதிய வெயிலில் கம்பி நீண்டு நுனிகள் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. காலைக் குளிரில் கம்பி சுருங்கி விலகியிருக்கின்றன. நான் சோதித்ததெல்லாம் மதியத்தில். டிரை சால்டர். லைனில் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியிருப்பேன்.

கம்பியைக் கீழே கொண்டுபோனேன். அந்த அம்மாவின் கேஸ் அடுப்பில், அவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, செம்பு நிறம் மாறும்வரை காட்டினேன். பேஸ்ட் தடவி ஈயத்தைத் தொட்டதும் தண்ணீர்போல ஓடிச் சுற்றிக்கொண்டது.

"என் கொழம்புல ஈயம் சொட்டிச்சின்னா நீதான் துன்னணும்" என்றார். ஆனாலும் கையை ஆட்டவில்லை.

ஞாயிறு ஆறரைக்கு உட்கார்ந்தேன். அவன் வருவானா என்று தெரியாது. வராவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். ஏழு மணி வரைக்கும் கூப்பிட்டேன்.

"கேக்குதுல. சொல்லு" என்றது அவன் குரல், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல.

ரேடியோவில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் கேட்கட்டும் என்று நினைத்துச் சொன்னேன்: "என் ஜாயின்ட்டு டிரை சால்டர்டா. நீ பொய் சொல்லல. நான் பேசினது தப்பு."

அவன் கேட்டான்:

"லைன்ல வந்திருந்தா என்னல பண்ணியிருப்ப?"

"ரிஜெக்ட்."

"பெரிய அயர்ன் வேணுமால?"

"அனுப்பு" என்றேன்.

பஸ் பார்சலில் வந்தது. இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. நாளைக்கும் போய்ச் செயலாளரிடம் சாவி கேட்பேன்.