கிடுகுக்குள் வைத்த ஜொயின்ட்

சிலாபத்தில் நடந்த சோலார் வகுப்புக்கு நான் படிக்கப் போகவில்லை, சான்றிதழுக்காகத்தான் போனேன். கல்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்காரர்கள் கூரையில் சோலார் பூட்ட ஆள் தேடினார்கள். ஆனால் சான்றிதழ் இல்லாதவனை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பதினைந்து வருடம் வீட்டு வயரிங் செய்தவனுக்கு இனி என்ன பாடம் என்று எனக்கு ஒரே எரிச்சல். முந்தின மாதம்தான் பள்ளிவாசல்துறையில் என் ராத்தாவின் வீட்டுக் கூரையில் எட்டுச் சோலார் தட்டுகளை நானே பூட்டியிருந்தேன். அதற்கு எனக்கிருந்த படிப்பு, போனில் பார்த்த நாலு வீடியோ. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, கூடப்பிறந்தவளும் சந்தோஷப்பட்டாள். வேறென்ன வேண்டும்?

மூன்றாவது வகுப்பில், படிப்பித்த சேர் கருகிப்போன ஒரு கூரையின் படத்தைக் காட்டினார். தட்டிலிருந்து வரும் வயரை, வீட்டு வயரைப் போல முறுக்கி டேப் சுற்றக்கூடாது என்றார். அப்படி வைத்த ஜொயின்ட் நாள் போகப்போகச் சூடேறும். பொறி பிடித்துவிட்டால் லேசில் அணையாது, வெயில் உள்ளவரை எரியும். "இங்கே யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை.

ராத்தா வீட்டில் வயர் இரண்டு முழம் போதாமல் போயிருந்தது. கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, ஒரு துண்டு வயரை முறுக்கி ஒட்டினேன். உப்புக்காற்றும் மழையும் படக்கூடாதென்று அந்த ஜொயின்ட்டைக் குசினிக் கூரையின் கிடுகுக்குள் செருகிவிட்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். காய்ந்த தென்னோலைக்குள்! அதற்குக் கீழே இருந்துதான் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் பாடம் எழுதுவார்கள்.

வெளியே வந்து போன் எடுத்தேன். சுவரில் இருக்கும் இன்வேட்டரை அணைக்கச் சொன்னால் போதும், ஜொயின்ட்டில் கரண்ட் ஓடாது. மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மச்சான் கடலில். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே விட்டேன். கல்பிட்டிப் பாதை திரும்பும் சந்தி வரைக்கும் நான்கு இடத்தில் நிறுத்தி அடித்துப் பார்த்தேன். மணி போகிறது, அப்படியென்றால் போன் எரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவ்வளவு கேவலமான ஆறுதல். தலைக்கு மேலே நல்ல வெயில். வெயிலுக்கு அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

வீடு நின்றது. ராத்தா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி, இந்த வெயிலுக்குள்ள?"

உள்ளே ஓடி இன்வேட்டரை அணைத்தேன். சத்தம் குறைத்த அவளுடைய போன் பக்கத்து மேசையில் கிடந்தது. கருவாடு மூடும் தறப்பாளை இழுத்துக்கொண்டு கூரையில் ஏறித் தட்டுகளை மூடினேன். பிறகு குசினிப் பக்கம் வந்து ஏணியில் நின்று கிடுகை விலக்கினேன். டேப் உருகி வழிந்திருந்தது. சுற்றியிருந்த ஓலை ஒரு கையகலத்துக்குக் கருகிக் கிடந்தது.

ராத்தா ஏணியடியில் வந்து நின்றாள். "ஓம், மூணு நாளா ஒரு கருகல் வாசம் வந்திச்சி. அடுப்புல எதுவோண்டு நெனச்சேன்."

"ஏன் எனக்கு சொல்லல்ல?"

"மேல ஈக்கிறது நீ போட்ட வயர்தானே. அதுல என்ன வரப்போகுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டேப்பில் ஏதோ பிழை, வயர் நல்லதில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ராத்தா, அத போடக்குள்ள எனக்கு அந்த வேல தெரியாது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கருகிய ஓலையைப் பார்த்தாள், அணைத்தாயிற்றா என்று என்னிடம் கேட்கவில்லை. குசினிக்குள் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே வரச் சொன்னாள்.