கீரைப் பாத்தியில் காந்தம்

காலை பெல் அடிப்பதற்கு முன்பே மருதாள் கீரைப் பாத்தியில் காந்தத்தை இழுத்துக்கொண்டிருப்பார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. பனியன் துணிக் கிழிசலில் கட்டி, மண்ணைத் தொட்டும் தொடாமலும் செடிக்குச் செடி கொண்டுபோவார். பாத்தியின் கடைசியில் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஸ்டேப்ளர் பின் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் ஏதாவது கம்பித் துணுக்கு. “இது இல்லீங்க” என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். “நாய்க்குட்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களாக்கா?” என்று அயர்னிங் ஆட்கள் கேலி செய்வார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஊசிகளுக்கு மருதாள்தான் பொறுப்பு. தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து அவர் மேஜையில் முழு ஊசியாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி தருவார். நாங்கள் தைப்பது வெளிநாட்டுக் குழந்தைகளின் உடுப்பு. ஒரு துண்டு துணியோடு கப்பலேறிவிட்டால் கம்பெனி கதை முடிந்தது. அதனால் மருதாளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. அழுதாலும், கையில் ரத்தம் வந்தாலும், “அதெல்லாம் செரீங்க, முனை எங்கீங்க?” என்பதுதான் முதல் கேள்வி.

இந்தப் பயம் அவரோடு வீடுவரை போகும். கல்யாண வீட்டில் பாயை உள்ளங்கையால் தடவிவிட்டுத்தான் உட்காருவார். டீக்கடையில் போண்டாவைப் பிட்டு, உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பஸ்ஸில் சன்னலோர சீட் கிடைத்தாலும் வெளியே பார்க்க மாட்டார், கண் முழுக்கத் தரையில்தான். ஏன் இப்படி என்று கேட்டால், “அசந்த நேரத்துலதானுங்க எல்லாம் நடக்குது” என்பார்.

தோட்டம் போட்டது ஹெச்.ஆர். மைதிலியின் யோசனை. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களின் மனசும் குளிர வேண்டும், பூமியும் குளிர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உடைந்த பலகையும் கல்லுமாகக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, பிரிவுக்கொரு பாத்தி பிரித்தார்கள். பேக்கிங் பிரிவு தக்காளி போட்டது, பீகார்ப் பையன்கள் முள்ளங்கி போட்டார்கள், மருதாள் தன் பங்குக்குச் சிறுகீரை விதைத்தார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்தவர்கள் சாப்பாடு முடிந்ததும் அங்கே போய்ச் சும்மா நின்றார்கள். வெயில் ஏறியதும் மைதிலி, தையல் பகுதியில் கூட்டி அள்ளும் துணித் துணுக்குகளைக் கீரைப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பச் சொன்னார். மண் காயாது, குப்பையும் வெளியே போகாது. எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

துணுக்கைப் பரப்பிய அன்றைக்கு மத்தியானம்தான் வேல்குமாரின் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. முனையை மட்டும் காணோம். லைனை நிறுத்தி, தைத்த துணியையெல்லாம் இரும்பைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். எதிலும் இல்லை. “மாலு க்ளீன்க்கா, அம்புட்டுதேன்” என்று மதுரைக்கார வேல்குமார் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். ஆளாளுக்கு மூச்சு விட்டார்கள். மருதாளின் முகம் மட்டும் செத்துப்போனது. “துணீல இல்லீன்னா, கூட்டுன குப்பையிலதானுங்க இருக்கோணும்?” என்று மைதிலியின் காதில் கேட்டார். குப்பை அதற்குள் பாத்திக்குப் போய்விட்டிருந்தது.

மைதிலியும் அவருமாகத் துணுக்குகளை வாரினார்கள். பாதி ஏற்கெனவே மண்ணோடு கொத்தப்பட்டிருந்தது. “இத்துனூண்டு முனைக்கா, நாலு நாள்ல துருப்பிடிச்சுக் கரைஞ்சிரும்” என்று மைதிலி சமாதானம் சொன்னார். துருப்பிடித்த இரும்பு குத்தினால் ஜன்னி வரும் என்று கேள்விப்பட்டிருந்த மருதாளுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. வெளியே சொல்லவும் வழியில்லை. விஷயம் பையர் காதுக்கு, அதாவது துணி வாங்கும் கம்பெனிக்குப் போனால் ஆர்டர் போய்விடும், அதற்கு முன்னால் மருதாளின் வேலை போய்விடும். டீ நேரத்தில் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, “அந்த நாட்டுக் கொழந்தைக்கு மெஷின் இருக்குதுங்க. நம்ம கொழந்தைகளுக்கு என்னங்க இருக்குது?” என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பாத்தியைக் கடக்கும்போது எனக்கும் உள்ளங்கால் கூசுகிறது.

கீரை தழைத்து நின்றது. இன்னும் முத்தவில்லை, பூச்சி இருக்கிறது என்று ஏதேதோ சொல்லி மருதாள் அறுவடையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். போன வாரம் பையர் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், இனித் தள்ள முடியாது. கம்பெனிக் காப்பகத்துப் பிள்ளைகள் கீரை பறிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. காப்பகத்து சாரதாமணி டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார். எல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பிள்ளைகள்.

முதலாளி ஈஸ்வரமூர்த்திக்கு எதுவும் தெரியாது. ஏக சந்தோஷத்தில் இருந்தார். “செருப்பக் கழட்டீட்டு எறங்குங்க கண்ணுகளா, கால்ல மண்ணு படோணும்” என்றார். மைதிலியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. நான் தொண்டையைச் செருமினேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தன.

“நில்லுங்க!”

மருதாள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். ஒரு குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அழுத்தி அழுத்தி நடந்தார். கீரை நசுங்கியது. “ஏம்மா மருதா, என்ன பண்றே? படம் எடுக்கோணும்மா!” என்று முதலாளி பதறினார். கேமராக்காரர் கையை இறக்கினார். மருதாள் கடைசி வரை போய்த் திரும்பி, மிதிக்காத மண்ணைப் பார்த்துப் பார்த்து மிதித்து வந்தார். கண்ணில் நீர் கொட்டியது, கால் நிற்கவில்லை.

முன்னால் நின்ற பெண் குழந்தை பொறுமையிழந்து ஒரு காலைத் தூக்கியது. மருதாள் கை நீட்டி அதன் நெஞ்சைத் தடுத்தார்.

“இரு கண்ணு, இந்த ஓரம் பாக்கி இருக்குது” என்றபடி வெறுங்காலை ஊன்றினார்.