பட்டினிதான் மருந்து என்றிருந்த காலம்

கொடைக்கானலில் நான் டாக்டராக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் டீ குடிக்கும் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில மருத்துவ இதழ்களைத் தோல் அட்டை போட்டு அதில் அடுக்கியிருந்தார்கள். மழையில் கரண்ட் போய், செல்போனில் சிக்னலும் இல்லாத ஒரு மதியம் வேறு போக்கில்லாமல் ஒன்றை எடுத்தேன். அன்றிலிருந்து விடவில்லை.

அந்தக் காலத்து டாக்டர்கள் அவற்றில் தங்கள் தோல்விகளையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். காசநோய்க்காரர்களைக் குளிர்காற்றில் வராந்தாவில் படுக்கவைத்தார்கள். நிமோனியாவுக்குப் பிராந்தி கொடுத்தார்கள். டைபாய்டு வந்தவர் சோறு தின்றால் குடலில் ஓட்டை விழும் என்று பலரும் உறுதியாக நம்பினார்கள்.

நான் இவற்றைப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பக்கத்து மலைக்கிராமமான கூக்காலிலிருந்து ஒரு பூண்டு விவசாயி டைபாய்டோடு வந்து சேர்ந்தார். ஊசியில் காய்ச்சல் இறங்கியும் அவருக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. விசாரித்தபோது, நாங்கள் கொடுத்த இட்லியையும் குழைந்த சோற்றையும் அவர் மனைவி ஒதுக்கிவிட்டு, வெறும் கஞ்சித்தண்ணீர் மட்டும் கொடுத்துவந்தது தெரிந்தது.

“சோறு ஆகாதுன்னு யாரும்மா சொன்னது?” என்றேன்.

“டாக்டருதாங்க. எங்க மாமனாரோட அப்பாவுக்கு இதே காச்ச வந்தப்ப, வெள்ளக்கார டாக்டரு சொன்னாராம், சோறு குடுத்தா கொடலு வெடிச்சிரும்னு. அதுலருந்து எங்க வீட்டுல காச்சன்னா கஞ்சித்தண்ணிதாங்க.”

இதழ்களைப் படித்திராவிட்டால் மூடநம்பிக்கை என்று கடிந்திருப்பேன். இப்போது அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை வார்டுக்கே கொண்டுவந்து காட்டினேன்.

“அவரு சொன்னது நெசம்தான்மா. அன்னிக்கு டாக்டருங்க அப்படித்தான் வைத்தியம் பார்த்தாங்க. இந்தா, இதுல எழுதியிருக்கு. பட்டினி கெடந்தவங்க எலும்புந்தோலுமா ஆனதைப் பார்த்துட்டு, பின்னாடி வந்த டாக்டருங்களே அதை மாத்திட்டாங்க.”

அந்த அம்மாள் புத்தகத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்ப இன்னிக்கு நீங்க சொல்றதையும் நாளைக்கு மாத்துவீங்களா?”

நியாயமான கேள்வி. “மாத்த வேண்டி வந்தா மாத்துவோம்மா. ஆனா இன்னிக்கு இவருக்குச் சோறு வேணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

கண்ணை மூடிக் கிடந்தவர் வாய் திறந்தார். “மொதல்ல சோத்தப் போடு புள்ள. பெறகு பேசிக்கிடலாம்.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அன்றே ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்து ஊட்டினார். அந்த வாரக் கடைசியில் அவர் கணவர் தானே நடந்துபோய் ஊர் பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் மனைவியோடு மறுபரிசோதனைக்கு வந்தபோது அவருக்குக் கன்னம் நிறைந்திருந்தது. “எங்க தெருவுல யாருக்குக் காச்சன்னாலும் இவதாங்க வெரசா சோறு வடிச்சுக் கொண்டுபோறா,” என்றார். “கேட்டா, டாக்டருங்க மாத்திட்டாங்கங்கிறா.”