காலிப் பெட்டிக்கும் ஒரு வரி

என் வேலை மெடிக்கல் கோடிங். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது புரிந்ததில்லை. "வூட்லயே குந்திகினு இன்னாமா பண்ற?" என்று மீன் விற்கிற அக்கா கேட்கும்போதெல்லாம், "டாக்டர் எழுதினதப் படிச்சி நம்பர் போடுறேன்க்கா" என்பேன். "அதுக்கு இன்னாத்துக்கு காலேஜு?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கடல் கடந்து எங்கோ இருக்கிற நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, இன்ஷூரன்ஸுக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுகிறேன். நான் மனநலப் பிரிவு. மனசு சில காலம் தலைகால் புரியாமல் பறந்து, சில காலம் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிடுமே, பைபோலார், அதற்கான எண்கள் எஃப் 31-இல் தொடங்கும். டாக்டர் நோயின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் எஃப் 31.9. பொங்கியது முழுக்க அடங்கிவிட்டது என்று எழுதியிருந்தால் எஃப் 31.74. நோயாளி கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாலும் சரி, டாக்டர் எழுதாவிட்டால் எங்களைப் பொறுத்தவரை அது நடக்கவில்லை. ஊகிக்கக் கூடாது. நான் இதில் ரொம்பக் கறார். எப்போதாவது ஆபீஸுக்குப் போனால், என்னைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு.

அதே எண் என் வீட்டிலும் இருக்கிறது. என் அண்ணனுக்கு.

அவன் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறவன். கேட்டைத் தாண்டி வருகிற, போகிற ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது வேலை. போன வருஷம் ஒரு வாரம் தூங்காமல், யார்டையே தலைகீழாக மாற்றிக் காட்டுகிறேன் என்று மேனேஜருக்கு முப்பது பக்கம் கடிதம் எழுதினான். அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு. தெளிந்து எட்டு மாதம் ஆயிற்று. யார்டில் நல்ல மனுஷர்கள், அவன் இடத்தை அப்படியே வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா? இப்போது எப்படி இருக்கிறான் என்று திங்கட்கிழமைக்குள் டாக்டர் தெளிவாக எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் வீடு திரும்பிய நாளிலிருந்தே நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். "நாலரைக்கே எழுந்துவிட்டான்." "அரை மணி நேரம் விடாமல் பேசினான், ஃபுட்பால் பற்றி." "மூன்று கிலோ வஞ்சிரம் வாங்கினான்." கடைசி வரிக்குச் சிவப்பில் அடிக்கோடு. விருந்தாளி வருகிறார்கள் என்று அம்மாதான் வாங்கி வரச் சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது. அடிக்கோட்டை நான் அழிக்கவில்லை.

மூன்றாம் மாதம் நோட்டு அவன் கையில் சிக்கியது. கத்தப்போகிறான் என்று பயந்தேன். மறுநாள் காலை அவனும் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தான்.

"இன்னாண்ணா எழுதுற?"

"உன்னியத்தான். நீ என்னிய எழுதுற இல்ல? நான் உன்னிய எழுதக் கூடாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா அவனோடு பத்து நிமிஷம் பேசினார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்தே தலைகீழாகப் படித்துவிட்டேன். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அவ்வளவுதான். என் அண்ணன், என் கண் முன்னால், எஃப் 31.9!

டாக்டரிடம் விளக்கம் கேட்கும்போது பதிலை நாமே ஊட்டிவிடக் கூடாது என்பதும் எங்கள் சட்டம். 'சரியாகிவிட்டது என்று எழுதுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "டாக்டர், நோயின் தற்போதைய நிலையைத் தெளிவுபடுத்த இயலுமா?" என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டாக்டரும்தான்.

"நான் இங்க புதுசும்மா. பழைய சீட்டுல அதே மருந்துன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. இன்னிக்கு நல்லா இருக்கார், சரி. நடுவுல எப்படி இருந்தார்னு தெரியாம நான் எப்படி எழுதறது? வீட்ல ஏதாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

பெருமையாக நோட்டை நீட்டினேன். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. "நாலரைக்கு எழுந்தார், நிறைய பேசினார், மீன்... எல்லாமே சந்தேகமா இருக்கே. இதுக்கும் இதுக்கும் நடுவுல பதினெட்டு நாள் ஒண்ணுமே இல்லியேம்மா?"

"அப்பல்லாம் நல்லா இருந்தார் டாக்டர். அதான் எழுதல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் சட்டப்படி, என் அண்ணன் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நன்றாக இருக்கவில்லை. அவன் வேலைக்கு நானே வேட்டு வைத்துவிட்டேன்.

அண்ணன் பைக்குள்ளிருந்து தன் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். "இது என் தங்கச்சியப் பத்தி எழுதினது டாக்டர். பரவால்ல, பாருங்க."

யார்டு பாணியில் கட்டம் போட்ட பக்கங்கள். ஐந்து மாதத்தில் ஒரு நாளும் விடுபடவில்லை. "6.10 எழுந்தேன். மாத்திரை போட்டேன். தங்கச்சி டீயை ஆறவிட்டது." "6.05 எழுந்தேன். மாத்திரை போட்டேன். தங்கச்சி கம்ப்யூட்டரைத் திட்டியது. காரணம் தெரியவில்லை." "6.10 எழுந்தேன். மாத்திரை போட்டேன். ஒன்றும் விசேஷம் இல்லை." மறுநாளும் ஒன்றும் விசேஷம் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே நிதானமான கையெழுத்து.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "விசேஷம் இல்லாத நாளக்கூட ஏன் எழுதினீங்க?"

"காலிப் பொட்டி வந்தாலும் நம்பர் எழுதிடுவோம் டாக்டர். எழுதாம வுட்டா, அது எங்க போச்சின்னு யாருக்கும் தெரியாது."

அவர் இன்னும் சில பக்கங்களை நிதானமாகப் படித்தார். தூக்கம், பசி, கோபம் பற்றி அவனிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். பிறகு சீட்டை இழுத்து, முன்பு எழுதியதற்குக் கீழே, நோய் முழுமையாக அடங்கியிருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எஃப் 31.74. இதே எண்ணை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட அழுததில்லை. அன்று அந்த மேஜைக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

திங்கட்கிழமை அவன் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, மேஜைமேல் கிடந்த அவன் நோட்டைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்கான வரி இருந்தது.

"6.10 எழுந்தேன். மாத்திரை போட்டேன். தங்கச்சி ஆஸ்பத்திரியில் அழுதது. காரணம் தெரியும்."